இரவல் வாங்கிய விசைகள் கைவராது

டீமக்ஸ் என்ற மென்பொருளைத் திறந்தவர், எதைச் செய்வதானாலும் முதலில் கன்ட்ரோல் விசையையும் பி விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். புது விண்டோ வேண்டுமா? கன்ட்ரோல்-பி, பிறகு சி. திரையை இரண்டாகப் பிரிக்க வேண்டுமா? கன்ட்ரோல்-பி, பிறகு விழுக்காட்டுக் குறி. விட்டுவிட்டு வெளியே வர வேண்டுமா? கன்ட்ரோல்-பி, பிறகு டி. ஏன் பி? விரல்களின் நீளத்தையும் எட்டும் தூரத்தையும் ஆராய்ந்து யாரோ தேர்ந்தெடுத்த எழுத்து என்று நினைத்தால் ஏமாற்றம்தான். 2007-இல் வெளிவந்த இந்த மென்பொருளை உருவாக்கிய நிக்கோலஸ் மேரியட், அதே வேலையைச் செய்த பழைய மென்பொருளான குனு ஸ்கிரீனுக்கு உள்ளே இருந்துகொண்டுதான் இதன் முதல் வடிவத்தை எழுதினார். ஸ்கிரீனின் விசை கன்ட்ரோல்-ஏ. அதோடு மோதாத வேறொன்று தேவைப்பட்டது. பி வந்தது. அவ்வளவுதான்.

கட்டுமான வேலையின்போது போட்ட சாரம் அப்படியே நின்றுவிட்டது. அதை மாற்றிக்கொள்ள யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மாற்றுவதற்கான வழியும் எளிது: பயனரின் கோப்புறையில் சாதாரண எழுத்துக் கோப்பு ஒன்று, அதில் மூன்று வரி, முடிந்தது. சிக்கல் அந்த மூன்று வரியில் இல்லை. நான்காவது வரியிலிருந்து நானூறாவது வரி வரை இணையத்தில் யாரோ தன் கைக்காக எழுதிவைத்ததை அப்படியே இறக்கித் தன் கணினியில் ஒட்டிக்கொள்வதில் இருக்கிறது. கீபோர்டிலேயே எல்லா வேலையையும் முடிக்க ஆசைப்படும் இளம் நிரலாளர்களில் பலர் தொடங்குவதே அங்கிருந்துதான். தொடக்கமே தவறு என்பது இந்தக் கட்டுரையின் கட்சி.

இந்த மென்பொருள் எதற்கு என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். சினிமாவில் ஹேக்கர் வரும்போதெல்லாம் காட்டப்படும் கறுப்புத் திரைதான் டெர்மினல். எழுத்தால் கட்டளை கொடுத்து எழுத்தாலேயே பதில் வாங்கும் இடம். இணையதளங்களைத் தாங்கும் சர்வர்களில் பெரும்பாலானவற்றுக்கு வேறு முகமே கிடையாது. அவற்றைப் பராமரிப்பவர் எஸ்எஸ்ஹெச் என்ற தொலைத்தொடர்பு வழியாகத் தன் கணினியிலிருந்து உள்ளே நுழைந்து இந்தத் திரையில்தான் வேலை பார்க்கிறார்.

அந்தத் தொடர்பு நடுவில் அறுந்தால்? யூனிக்ஸ், தொலைபேசிக் கம்பியில் மோடம் மாட்டிக் கணினியோடு பேசிய காலத்தைப் பார்த்து வளர்ந்த இயங்குதளம். மறுமுனையில் இருப்பவர் போனை வைத்துவிட்டால், அவர் ஓடவிட்டிருந்த நிரல்களுக்கு ‘ஹேங்கப்’ என்ற சமிக்ஞை போகும். பெரும்பாலான நிரல்கள் அதை வாங்கியதும் தம் ஓட்டத்தை முடித்துக்கொள்ளும். மோடம் போய்விட்டது, சமிக்ஞை அதே பெயரில் இன்றும் இருக்கிறது. ஆறு மணி நேரம் ஓட வேண்டிய தரவுத்தள வேலை, நாலாவது மணி நேரத்தில் வைஃபை விழுந்ததும் நின்றுபோவது இதனால்தான்.

டெர்மினல் மல்டிபிளெக்சர் எனப்படும் வகை மென்பொருள்கள் இந்தச் சிக்கலைத் தீர்க்கின்றன. குனு ஸ்கிரீன் 1987-இல் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆலிவர் லௌமன், கார்ஸ்டன் போர்மன் இருவரும் எழுதியது. டீமக்ஸும் அதே வழியில், ஆனால் உள்கட்டமைப்பைப் புதிதாக யோசித்து வந்தது. பாதுகாப்பில் கறாரான ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளம் 2009-இல் இதைத் தன் அடிப்படைத் தொகுப்பிலேயே சேர்த்துக்கொண்டது. டீமக்ஸில் இரண்டு பகுதிகள். ஒன்று பின்னணியில் ஓடி, நிரல்களைத் தன் கையில் வைத்திருக்கும். மற்றொன்று அதைப் பயனருக்குக் காட்டும். தொடர்பு அறுந்தால் காட்டுகிற பகுதி மட்டுமே போகும். மறுநாள் வேறொரு கணினியிலிருந்து நுழைந்து ‘அட்டாச்’ என்றால், விட்ட இடத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருக்கும். இதோடு, ஒரே திரையைப் பல கட்டங்களாகப் பிரித்து, ஒன்றில் நிரல் எழுத, இன்னொன்றில் அதை ஓட்டிப் பார்க்க, மூன்றாவதில் சர்வரின் பதிவேடு ஓடுவதைக் கவனிக்க வைத்துக்கொள்ளலாம். எல்லாமே கீபோர்டில். எழுத்துகள் மட்டுமே போய்வருவதால் மெதுவான இணைப்பிலும் தாக்குப்பிடிக்கும்.

கன்ட்ரோல்-பி போல மற்ற எல்லா விசைகளுக்கும் வாசலாக இருப்பதை முன்விசை என்று வைத்துக்கொள்வோம். அதை மாற்றுவதற்கு முன்னால் கீபோர்டையே ஒரு தடவை நிதானமாகப் பார்ப்பது நல்லது.

1976 வாக்கில் பெர்க்லியிலிருந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் என்ற மாணவர் விஐ எடிட்டரை எழுதினார். அவர் பயன்படுத்தியது லியர் சீக்லர் நிறுவனத்தின் ஏடிஎம்-3ஏ டெர்மினல். அதில் தனி அம்புக்குறி விசைகள் கிடையாது. ஹெச், ஜே, கே, எல் ஆகிய நான்கு எழுத்து விசைகளின் மேலேயே இடம், கீழ், மேல், வலம் என அம்புகள் அச்சிடப்பட்டிருந்தன. விஐயும் அந்த நான்கு எழுத்துகளையே அம்புகளாக எடுத்துக்கொண்டது. இன்றைக்கு ஒருவர் டீமக்ஸில் கட்டம்விட்டுக் கட்டம் தாவ அதே நான்கு விசைகளை அமைத்துக்கொள்கிறார் என்றால், கண்ணால்கூடப் பார்த்திராத ஒரு கருவியின் அச்சு அவர் விரலில் வாழ்கிறது. அந்தக் கீபோர்டில் எஸ்கேப் விசை இப்போது டேப் இருக்கும் இடத்தில் இருந்தது. கன்ட்ரோல், ஏ எழுத்துக்கு இடப்பக்கத்தில் ஒட்டியே இருந்தது. இன்று அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பது கேப்ஸ் லாக்.

1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் கீபோர்டிலும் கன்ட்ரோலுக்கு அதே இடம்தான். எண்பதுகளின் நடுவில் வந்த 101 விசைக் கீபோர்டில்தான் ஐபிஎம் அதைக் கீழ் மூலைக்குத் தள்ளி, கேப்ஸ் லாக்கை மேலே ஏற்றியது. மற்ற நிறுவனங்கள் அதையே நகலெடுத்தன. விளைவு: கன்ட்ரோல் கைக்கு அருகில் இருந்த காலத்தில் உருவான பழக்கங்களை, கன்ட்ரோல் மூலையில் கிடக்கும் கீபோர்டில் இன்றைய தலைமுறை பழகுகிறது. கன்ட்ரோல்-பி அழுத்த இடது சிறுவிரல் கீழே மடங்க வேண்டும், ஆள்காட்டி விரல் எதிர்த்திசையில் நீள வேண்டும். ஈமாக்ஸ் எடிட்டர் பயன்படுத்துகிறவர்களின் சிறுவிரல் வலி தனிப் பெயரே வாங்கும் அளவுக்குப் பிரபலம்.

ஆக, டீமக்ஸில் செய்ய வேண்டிய முதல் மாற்றம் டீமக்ஸிலேயே இல்லை. கேப்ஸ் லாக்கைக் கன்ட்ரோலாக்குவதுதான் அது. மேக் கணினியின் அமைப்புப் பக்கத்திலேயே இதற்கு இடம் உண்டு; லினக்ஸில் ஒரு வரிக் கட்டளை. டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த எயிச்சி வாடாவின் யோசனையில் 1996-இல் ஜப்பானில் வெளிவந்த ஹேப்பி ஹேக்கிங் கீபோர்டு, கன்ட்ரோலை ஏ-க்குப் பக்கத்திலேயே திரும்ப வைத்தது. அதற்குக் கொடுக்கும் விலை பலருக்குக் கட்டாது. கேப்ஸ் லாக்கை மாற்ற ஒரு பைசா செலவில்லை. நாள் முழுக்கப் பெரிய எழுத்தில் கத்துகிற அவசியம் யாருக்கு இருக்கிறது?

இதற்குப் பிறகு முன்விசையை ஸ்கிரீனின் பழைய கன்ட்ரோல்-ஏவுக்கே திருப்புகிறவர்கள் அதிகம். அதற்கும் ஒரு செலவு உண்டு. டெர்மினலில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் பேஷ் ஷெல்லில் கன்ட்ரோல்-ஏ, கர்சரை வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுபோகும் விசை. டீமக்ஸ் அதைப் பறித்துக்கொண்டால், இருமுறை அழுத்தினால்தான் ஷெல்லுக்குப் போய்ச் சேரும்படி அமைக்க வேண்டியிருக்கும். நீளமான கட்டளைகளை அடிக்கடி திருத்துகிறவருக்கு இது எரிச்சல். இன்னொரு கூட்டம் கன்ட்ரோல்-ஸ்பேஸைப் பரிந்துரைக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் தட்டச்சு செய்கிறவர்களின் யோசனை அது. மேக் கணினியில் அதே சேர்க்கை மொழியை மாற்றுவதற்கானது. லினக்ஸின் உள்ளீட்டுக் கருவிகள் சிலவற்றிலும் அப்படித்தான். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறிமாறித் தட்டுகிறவர் அதை முன்விசையாக வைத்தால், இரண்டு வேலையும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். எது நல்ல விசை என்பது, அந்தக் கணினியில் இன்னும் என்னென்ன ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. அதை அமெரிக்காவில் உட்கார்ந்து கோப்பு எழுதியவருக்குத் தெரிய வழியில்லை.

அடுத்து, திரையைப் பிரிக்கும் விசைகள். பக்கவாட்டில் பிரிக்க விழுக்காட்டுக் குறி, மேல்கீழாகப் பிரிக்க இரட்டை மேற்கோள் குறி. எது எதற்கு என்று நினைவில் வைத்துக்கொள்ள எந்தப் பிடியும் இல்லை; இரண்டுக்கும் ஷிஃப்ட் வேறு. நெட்டுக்கோட்டையும் சிறுகோட்டையும் வைத்துக்கொண்டால், விசையில் அச்சாகியிருக்கும் கோடே திரையில் விழப்போகும் கோடு. மிகப் பரவலான மாற்றம் இது. பரவலானதற்குத் தகுதியும் உண்டு. விண்டோக்களின் எண் பூஜ்யத்தில் தொடங்குவது இன்னொன்று. பூஜ்யம் கீபோர்டின் வலக்கோடியில் இருக்கிறது, முதல் விண்டோவோ திரையின் இடக்கோடியில். ஒன்றிலிருந்து எண்ணச் சொல்ல ஒரு வரி போதும்.

இந்த வரிசையில் சுவாரசியமானது எஸ்கேப் நேரம். டெர்மினலில் எஸ்கேப் விசை 27 என்ற எண்ணை அனுப்பும். அம்புக்குறி விசையும் அதே 27-இல் தொடங்கி, பின்னால் இரண்டு எழுத்துகளை ஒட்டி அனுப்பும். 1978-இல் டிஜிட்டல் நிறுவனம் வெளியிட்ட விடி100 டெர்மினல் விட்டுச்சென்ற மரபு இது. எனவே 27 வந்ததும், இது தனி எஸ்கேப்பா, அம்புக்குறியின் தலையா என்று டீமக்ஸ் கொஞ்சம் காத்திருந்து பார்க்க வேண்டும். அந்தக் காத்திருப்பு நெடுங்காலம் 500 மில்லிவினாடியாக இருந்தது. அரை வினாடிதானே என்று தோன்றலாம். விஐ பயனர் எஸ்கேப்பை நிமிடத்துக்குப் பலமுறை அழுத்துகிறவர். ஒவ்வொரு தடவையும் எடிட்டர் தூங்கி எழுந்தது போல இருக்கும். எத்தனையோ பேர் தங்கள் கணினி மந்தமாகிவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அண்மைப் பதிப்புகளில் இது 10 மில்லிவினாடியாகக் குறைக்கப்பட்டுவிட்டது. பழைய பதிப்பு ஓடும் சர்வரில் வேலை பார்க்கிறவர் தானே எழுதிக்கொள்ள வேண்டும். திரையில் ஓடிப்போன வரிகளை டீமக்ஸ் வெறும் 2000 வரை மட்டுமே நினைவில் வைத்திருப்பதும் கூட்ட வேண்டிய அளவுதான். பிழைச் செய்திகளைக் கக்கும் நிரல் அந்த 2000 வரியைக் கண் இமைப்பதற்குள் தாண்டிவிடும். கூட்டினாலும், ஏற்கெனவே திறந்திருக்கும் கட்டங்களுக்கு அது எட்டாது, புதியவற்றுக்கு மட்டும்தான்.

மாற்றக் கூடாதவையும் உண்டு. ஒரு கட்டத்தை மூட முன்விசைக்குப் பிறகு எக்ஸ் அழுத்தினால், டீமக்ஸ் ‘நிச்சயமாகவா’ என்று கேட்கும். பிரபலமான கோப்புகள் பலவற்றில் இந்தக் கேள்வியை நீக்கியிருப்பார்கள், ஒரு விசை மிச்சம் என்று. அந்தக் கட்டத்துக்குள் இரவு முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் வேலை போனால் அந்த ஒரு விசையின் மிச்சம் கணக்கில் எங்கே போய் நிற்கும்? இதைவிட ஆபத்து, ஒரு கட்டத்தில் தட்டுவதை எல்லாக் கட்டங்களிலும் ஒரே நேரத்தில் தட்டச் செய்யும் வசதி. பத்து சர்வர்களில் ஒரே கட்டளையைக் கொடுக்க அருமையான கருவி. ஒரு கோப்பை அழிக்கும் கட்டளையைப் பத்திலும் கொடுக்கவும் அதே அளவு அருமை. இதற்கு எளிய விசை ஒதுக்காமல், ஒவ்வொரு தடவையும் முழுக் கட்டளையையும் தட்டவைப்பதே நல்லது.

கீபோர்டு பக்தர்கள் எப்போதும் சொல்லும் காரணம் வேகம். இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1980-இல் ஸ்டூவர்ட் கார்ட், தாமஸ் மோரன், ஆலன் நியூவெல் மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முதல் இருவரும் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் இருந்தவர்கள். நியூவெல் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தவர். கணினியில் ஒரு வேலையைச் செய்ய எவ்வளவு நேரமாகும் என்பதைச் சின்னச் சின்ன அசைவுகளாகப் பிரித்து அளந்தார்கள். நிமிடத்துக்கு 40 சொல் தட்டுகிறவர் ஒரு விசையை அழுத்த 0.28 வினாடி. மவுஸால் ஓரிடத்தைச் சுட்ட 1.1 வினாடி. கையைக் கீபோர்டிலிருந்து மவுஸுக்கு நகர்த்த 0.4 வினாடி. அடுத்து என்ன செய்வது என்று மனம் தயாராக 1.35 வினாடி.

இந்த எண்களை வைத்து ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதைக் கணக்கிட்டால்: மவுஸ் என்றால் கை போக 0.4, சுட்ட 1.1, அழுத்த 0.28, கை திரும்ப 0.4, மொத்தம் 2.18 வினாடி. கீபோர்டு என்றால் கன்ட்ரோல், ஏ, இன்னொரு எழுத்து. மூன்று விசைக்கு 0.84 வினாடி. பாதிக்கும் குறைவு! ஆனால் அந்த எழுத்து எது என்று ஒரு தடவை யோசிக்க நேர்ந்தால் 1.35 சேர்ந்து 2.19 ஆகிறது. மொத்த லாபமும் போய்விட்டது. மவுஸ்காரரும் யோசிப்பாரே என்று கேட்கலாம். யோசிப்பார், ஆனால் அவர் தேடுவது கண்ணெதிரே திரையில் இருக்கிறது, கீபோர்டுகாரர் தேடுவது மண்டைக்குள் இருக்கிறது.

ஆப்பிள் நிறுவனத்தில் இடைமுக வடிவமைப்பைக் கவனித்துவந்த புரூஸ் டொக்னாசினி 1989-இல் இதையே இன்னும் காரமாக எழுதினார். ஐந்து கோடி டாலர் செலவிட்டு ஆப்பிள் செய்த ஆராய்ச்சியில், கீபோர்டுதான் வேகம் என்று பயனர்கள் அடித்துச் சொன்னார்கள், ஸ்டாப்வாட்ச்சோ மவுஸ்தான் வேகம் என்று காட்டியது என்பது அவர் வாதம். சரியான விசையை நினைவுகூர ஆகும் ஓரிரு வினாடிகளை மனம் பதிவு செய்வதே இல்லையாம். தலைமுறைகளாகக் கீபோர்டு பிரியர்களைக் கொதிக்கவைத்த கூற்று இது. அவர் பேசியது மெனு பார்த்து வேலை செய்யும் பயனர்களைப் பற்றி. நாளெல்லாம் தட்டுகிற நிரலாளருக்கு அது அப்படியே பொருந்தாது. ஆனால் சிந்திக்க வேண்டிய பாதி அதில் இருக்கிறது. விசை வேகமாவது அது நினைவிலிருந்து இறங்கி விரலுக்குப் போன பிறகுதான். அதுவரை அது மவுஸைவிட மெதுவான, மவுஸைவிடக் களைப்பான ஏற்பாடு.

இரவல் கோப்பின் மீதான வழக்கு இங்கேதான் வலுப்பெறுகிறது. நூறு ஷார்ட்கட்டுகளை ஒரே மாலையில் இறக்கிக்கொள்ளலாம், ஒரே மாலையில் விரலுக்குக் கொண்டுபோக முடியாது. அன்றாடம் பயன்படும் எட்டோ பத்தோதான் தங்கும். மீதியெல்லாம் ‘அதற்கும் ஒரு விசை இருந்ததே’ என்ற அரை நினைவாக, ஒவ்வொரு தடவையும் 1.35 வினாடியைத் தின்னும். அதற்குள் சம்பந்தமில்லாத ஒன்றைக் கை தவறி அழுத்தி, திரை ஏன் இப்படி ஆனது என்று தெரியாமல் விழிப்பது தனி. தானே எழுதிய வரி என்றால், எந்த எரிச்சலுக்காக எழுதினோம் என்பதாவது ஞாபகம் இருக்கும்.

இன்னொரு செலவு மெதுவாகத் தெரியவரும். டீமக்ஸ் உயிரோடு வளரும் மென்பொருள்; அதன் கட்டளைகள் மாறியிருக்கின்றன. 2015-இல் வந்த 2.1 பதிப்பில், மவுஸுக்கு இருந்த நான்கு தனித்தனி அமைப்புகளை நீக்கி ஒன்றாக்கினார்கள். 2017-இன் 2.4 பதிப்பில் உரையை நகலெடுக்கும் விசைகளை எழுதும் முறையே மாறியது. 2019-இன் 2.9 பதிப்பில் நிறங்களைக் குறிக்கும் பழைய பெயர்கள் பல காணாமல் போயின. மூன்று தடவையும், இயங்குதளத்தைப் புதுப்பித்த மறுநாள் காலையில் டீமக்ஸைத் திறந்தவர்கள் பிழைச் செய்திகளைப் பார்த்தார்கள். இருபது வரி வைத்திருந்தவர் டீ ஆறுவதற்குள் சரிசெய்திருப்பார். நானூறு வரியை இரவல் வாங்கியவர், கோப்பின் சொந்தக்காரர் புதுப்பிக்கும் வரை காத்திருக்க வேண்டும், அல்லது தான் எழுதாத ஒன்றைப் புரிந்துகொள்ள உட்கார வேண்டும். திரையின் அடியில் இருக்கும் அலங்காரப் பட்டையில் தட்பவெப்பம், பேட்டரி, ஓடும் பாட்டின் பெயர் என்று காட்டும் நீட்சிகளைச் சேர்த்தால் இந்தக் கடன் இன்னும் ஏறும். விதிவிலக்காக ஒன்றைச் சொல்லலாம்: கணினியை மறுதொடக்கம் செய்த பிறகும் கட்டங்களின் அமைப்பை மீட்டுத் தரும் ‘ரிசரெக்ட்’ என்ற நீட்சி. டீமக்ஸ் தொடர்பு அறுந்தால் தாங்கும், மின்சாரம் அறுந்தால் தாங்காது. அந்த ஓட்டையை அடைப்பதால் அதற்கு இடம் தரலாம்.

மவுஸைத் தொடவே கூடாது என்ற விரதமும் தேவையில்லை. 2012-இல் பிரையன் ஹோகன் டீமக்ஸ் பற்றி எழுதிய நூலின் துணைத்தலைப்பிலேயே ‘மவுஸ் இல்லாத’ என்ற பெருமை இருந்தது. அந்த நூல் பலருக்கு வழிகாட்டி. ஆனால் இரண்டு கட்டங்களுக்கு நடுவிலுள்ள கோட்டை இழுத்து அகலப்படுத்துவது வாரத்துக்கு ஒரு தடவை செய்யும் வேலை என்றால், அதற்கு நான்கு விசைகளை மனப்பாடம் செய்வதைவிட மவுஸை அனுமதித்துவிடுவது கெட்டிக்காரத்தனம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: மவுஸை டீமக்ஸிடம் ஒப்படைத்த பிறகு, டெர்மினலின் வழக்கமான முறையில் உரையைத் தேர்ந்தெடுக்கப் பல லினக்ஸ் டெர்மினல்களில் ஷிஃப்டைச் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும். நகலெடுப்பது திடீரென்று நின்றுபோனதாக வரும் புகார்களுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

வேறொருவர் வீட்டுச் சர்வர் என்று ஒன்று இருக்கிறதே, அதையும் யோசிக்க வேண்டும். வாடிக்கையாளரின் கணினிக்குள் நுழைந்தால் அங்கே இருப்பது கன்ட்ரோல்-பிதான். தன் கோப்பை அங்கே வைக்க அனுமதி இருக்காது. எல்லாவற்றையும் மாற்றிவிட்ட கை அங்கே ஊமையாகிவிடும். முன்விசையையும் நான்கைந்து விசைகளையும் மட்டும் மாற்றியவர், சில நிமிடம் தடுமாறிவிட்டு வேலையைத் தொடர்வார். இதிலேயே ஒரு நன்மையும் ஒளிந்திருக்கிறது. சொந்தக் கணினியில் ஓடும் டீமக்ஸுக்குள்ளிருந்து தொலைவிலுள்ள சர்வரின் டீமக்ஸுக்குள் போனால், ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு இருக்கும். இரண்டின் முன்விசையும் ஒன்றானால், உள்ளே இருப்பதை எட்ட ஒவ்வொரு முறையும் இருமுறை அழுத்த வேண்டும். சொந்தக் கணினியில் ஏ, தொலைவில் பி என்று பிரித்து வைத்தவருக்கு இந்தத் தொல்லை இல்லை. மேரியட்டின் பழைய சங்கடமும் அதுதானே.

தமிழில் தட்டச்சு செய்கிறவருக்குத் தனியாக இரண்டு விஷயங்கள். 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பில், ஆங்கில சி இருக்கும் விசையில் ஒ, டி இருக்கும் விசையில் உ, என் இருக்கும் விசையில் ல. தமிழ் அமைப்பு செயலில் இருக்கும்போது முன்விசைக்குப் பிறகு சி விசையைத் தட்டினால், டீமக்ஸுக்குப் போவது ஒ. அப்படி ஒரு கட்டளை அதனிடம் இல்லை; பேசாமல் இருந்துவிடும். ரஷ்ய மொழிப் பயனர்கள் தங்கள் எழுத்துகளையே டீமக்ஸ் விசைகளாகச் சேர்த்து இதைச் சமாளிக்கிறார்கள். ஒ-வுக்குப் புது விண்டோ, ல-வுக்கு அடுத்த விண்டோ, உ-வுக்கு வெளியேறுதல் என்று மூன்று வரி எழுதினால் தமிழுக்கும் வழி திறக்கும், உள்ளீட்டுக் கருவி எழுத்தைத் தாமதிக்காமல் நேரடியாக அனுப்புகிற வரை. எந்தப் பிரபலக் கோப்பிலும் கிடைக்காத வரிகள் இவை.

இரண்டாவது, எந்த அமைப்பாலும் முழுக்கத் தீராதது. டெர்மினல் என்பது சமமான சதுரங்களால் ஆன தாள். ஓர் எழுத்துக்கு ஒரு சதுரம். தமிழின் துணைக்குறிகளுக்கு எத்தனை சதுரம்? யூனிகோடு, இகரத்தின் குறியை இடம் பிடிப்பது என்றும், ஈகாரத்தின் குறியை இடம் பிடிக்காதது என்றும் வகைப்படுத்தியிருக்கிறது. அந்த வகையை நம்பிய பழைய கணக்கில் ‘கி’ இரண்டு சதுரம், ‘கீ’ ஒரே சதுரம். டெர்மினல் ஒரு கணக்கும் டீமக்ஸ் வேறொரு கணக்கும் வைத்திருந்தால், தமிழ்ப் பெயர் கொண்ட கோப்புகளைப் பட்டியலிட்டவுடன் கட்டங்களுக்கு நடுவிலுள்ள கோடு நெளியத் தொடங்கும். நிறத்தை மாற்றலாம், விசையை மாற்றலாம். இந்தக் கோட்டை நேராக்க இரண்டு மென்பொருள்களும் ஒரே கணக்குக்கு வர வேண்டும்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குப் பதில் வேறு மென்பொருளுக்கே போய்விடலாமா? 2009-இல் உபுண்டு வட்டாரத்திலிருந்து வந்த பியோபு, முன்விசையின் தொல்லையைக் குறைத்து, மேல்வரிசையின் எஃப்2, எஃப்3, எஃப்4 விசைகளில் வேலையை முடிக்கிறது. 2021-இல் ரஸ்ட் மொழியில் வெளிவந்த ஸெல்லிஜ், எந்த விசை என்ன செய்யும் என்பதைத் திரையின் அடியிலேயே எழுதிக் காட்டுகிறது. கார்ட்டும் கூட்டாளிகளும் அளந்த அந்த 1.35 வினாடியைக் கண்ணிடம் ஒப்படைக்கும் உபாயம் அது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு டீமக்ஸைவிட அதையே கைகாட்டலாம். ஆனால் நுழைகிற சர்வர்களில் எல்லாம் அது இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. டீமக்ஸ் இருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

ஏற்கெனவே நானூறு வரிக் கோப்பு வைத்திருப்பவர் அதை அழிக்க வேண்டியதில்லை. டீமக்ஸைத் தனிப் பெயரில், வெற்றுக் கோப்பைக் காட்டித் தொடங்கச் சொல்ல ஒரு கட்டளை உண்டு. பழைய அமர்வுகள் அப்படியே இருக்க, பக்கத்தில் பச்சைப் பட்டையோடு ஒரு புத்தம்புதிய டீமக்ஸ் திறக்கும். அதில் ஒரு வாரம் வேலை பார்க்கலாம். கை எங்கே போய் முட்டுகிறது என்பதை ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்து, பழைய கோப்பிலிருந்து அந்த வரிகளை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்துவரலாம். மறந்துபோன விசைக்கு முன்விசையும் கேள்விக்குறியும் அழுத்தினால், விசைகளின் பட்டியல் திரையில் வரும்.